பீங்கானில் ஒரு துளி, சிலிக்கோனில் ஒரு துளி

மாசி மாதத்து விடியற்காலை. மாரி மழை ஓய்ந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். நாலரை மணிக்குப் போன் அடித்தது. திருகோணமலையில் உப்புவெளி தாண்டி நிலாவெளிப் பக்கம் முழுக்க இருட்டு. மழை இல்லை, இடி இல்லை, காற்றும் இல்லை. மரம் முறிந்து லைனில் விழ வழியே இல்லாத அமைதியான நேரம்.

நான் அப்போது லைன் வேலையில் உதவியாளாக இருந்தேன். என்னோடு வந்தவரை நாங்கள் எல்லோரும் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடம் கம்பத்தில் ஏறி இறங்கியவர். இருவருமாக லைன் நெடுக டோர்ச் அடித்துப் பார்த்தோம். அறுந்தது, எரிந்தது என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. சுவிட்சைப் போட்டதும் லைன் பிடித்துக்கொண்டது. சரி, வந்த வேலை முடிந்தது என்று நான் வண்டியில் ஏறப் போனேன். அவர் கடலை ஒட்டி நின்ற ஒரு கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, வண்டி லைட்டை நிற்பாட்டச் சொன்னார்.

"சத்தம் போடாத தம்பி. கேள்."

கேட்டது. அப்பளம் பொரிவது போல ஒரு சத்தம். கண் இருட்டுக்குப் பழகியதும் மேலே பார்த்தேன். கம்பியிலிருந்து கம்பத்துக்கு மின் பாயாமல் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டரின் மடிப்புகளுக்குள் நீல நிறத்தில் நூல் மாதிரி ஒரு வெளிச்சம் ஓடி ஓடி அணைந்தது. ஓரிடத்தில் அணைந்தால் இன்னோரிடத்தில் பற்றியது. இடைக்கிடை மஞ்சளாக ஒரு பொறி எழும்பி, அரை விரல் நீளத்துக்குத் தாவி, செத்தது.

"மழை பெஞ்சா இது வராது. பனிக்குத்தான் வரும்," என்றார்.

"ஏன் அண்ணன்?"

"வருஷா வருஷம் பாக்கிறன். ஏன் எண்டு நீதான் படிச்சுச் சொல்லு."

அன்று காலை திருக்கடலூர்ப் பக்கம் போனபோது, இரவு பிடித்த மீனுக்கு ஐஸ் இல்லாமல் ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கடலோரக் கம்பங்களைத் துடைக்க வேண்டும் என்று பெரியண்ணன் தை மாதமே சொல்லியிருந்தார். மேலே இருந்தவர்கள் பங்குனிக்குத் தள்ளிப் போட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதைவிட அதிகமாக ஆறாமல் இருந்தது அவர் என்னிடமே திருப்பிவிட்ட கேள்வி. ஈரம் பட்டால் கரண்ட் பாயும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் கொட்டுகிற மழையில் அல்லவா லைன் போக வேண்டும்? இலைநுனி மட்டும் நனைகிற பனிக்கு ஏன் போகிறது?

இப்போது நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் போன வழியெல்லாம் கடைசியில் ஒரு துளித் தண்ணீரில் வந்து நின்றது. அந்தத் துளி எதன் மேல் இருக்கிறது, அதைச் சுற்றி மின்புலம், அதாவது மின்னேற்றம் தன்னைச் சுற்றி விரிக்கிற இழுவை, இருந்தால் அது எப்படிக் காய்கிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இது ஒரு விறாந்தையில் பல நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம்.

உட்கார்ந்தேன். கழித்துப் போட்ட இரண்டு இன்சுலேட்டர் எனக்குக் கிடைத்தது. ஒன்று மண்ணிற மினுக்குப் பூசிய பழைய பீங்கான். மற்றது சாம்பல் நிறச் சிலிக்கோன் றப்பர், புதிய வகை. இரண்டையும் கழுவிக் காயவைத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்தால் அதுவே நல்ல அளவுகோல். அதன் ஒரு துளி ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றரில் இருபதில் ஒரு பங்கு. பீங்கானில் ஒன்று, சிலிக்கோனில் ஒன்று.

பீங்கானில் விழுந்த துளி விழுந்ததும் படுத்துவிட்டது. பத்துச் சத நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக, ஓரம் மெலிந்து, கண்ணாடிச் சில்லு மாதிரிப் பரவியது. சிலிக்கோனில் விழுந்தது படுக்கவில்லை. பாதி உருண்டைக்கும் மேலாக எழும்பி, ஜன்னல் வெளிச்சம் முழுவதையும் தன் தலையில் ஒரு புள்ளியாகத் தாங்கிக்கொண்டு நின்றது. துளியின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில் உண்டாகிற கோணத்துக்குத் தொடுகைக் கோணம் என்று பெயர். 1805இல் தோமஸ் யங் இதைப் பற்றி எழுதினார். அந்தக் கோணம் 90 பாகைக்குக் கீழே இருந்தால் பரப்பு தண்ணீரை விரும்புகிறது, மேலே போனால் வெறுக்கிறது. சுத்தமான சிலிக்கோன் றப்பரில் அது 100 பாகையைத் தாண்டும். தம்பலகாமத்துக் குளத்துத் தாமரை இலையில் 150ஐயும் தாண்டும். அதனால்தான் அங்கே தண்ணீர் ஒட்டாமல் உருண்டு திரிகிறது.

அது கச்சான் அடிக்கிற காலம். மேற்கே தரையிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்றில் உடுப்பு அரை மணியில் காய்ந்துவிடும். பீங்கான் துளி ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டது. சிலிக்கோன் துளி இரண்டு மணி நேரத்தை நெருங்கித்தான் போனது. ஒரே துளி, ஒரே தண்ணீர், ஒரே காற்று. ஆளுக்கு இருமடங்கு ஆயுள் வித்தியாசம்.

அவை காய்ந்த விதம் இன்னும் சுவையானது. பீங்கான் துளி தன் எல்லையை விட்டுக்கொடுக்கவே இல்லை. ஓரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்க, நடு மட்டும் மெலிந்து மெலிந்து, கடைசியில் ஒரு படலமாகி, சட்டென்று மறைந்தது. சிலிக்கோன் துளி தன் வடிவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. உருண்டை உருண்டையாகவே சிறுத்தது, ஓரம் உள்ளே உள்ளே நகர்ந்தது. துளி காய்வதில் இந்த இரண்டு வழியும் உண்டு என்பதை 1977இல் பிக்னெட், பெக்ஸன் என்ற இருவர் கணக்கோடு எழுதிவைத்திருக்கிறார்கள். நான் அதைப் படித்தது பிறகு. முதலில் கண்ணால் பார்த்தேன், அதில் எனக்குச் சந்தோஷம்.

ஏன் பீங்கானில் வேகம்? துளி காய்வதென்றால் அதைச் சுற்றியுள்ள ஈரக் காற்று விலகி வழிவிட வேண்டும். நெருக்கமான சந்தைக்குள் நிற்கிறவன் வெளியே வருவதற்கும், ஓரத்தில் நிற்கிறவன் வெளியே வருவதற்கும் உள்ள வித்தியாசம்தான். படுத்த துளிக்கு ஓரம் நீளம். அந்த மெல்லிய ஓரத்திலிருந்து ஆவி மிக இலகுவாக வெளியேறுகிறது. நிமிர்ந்த துளிக்கு ஓரம் குட்டை. போதாததற்கு, வளைந்த உடம்புக்கும் பரப்புக்கும் இடையில் உள்ள சந்தில் ஈரம் அடைபட்டுக் கிடக்கிறது. பிளேன்டீ சிந்திய மேசையில் நடு வெளுத்து விளிம்பு மட்டும் கறுத்துக் காய்வதும் இந்த ஓர வேகத்தால்தான். ஓரத்தில் போகிற தண்ணீரை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓடி வருகிறது, வரும்போது சாயத்தையும் அள்ளிக்கொண்டு வருகிறது. 1997இல்தான் இதற்குச் சரியான விளக்கம் அச்சில் வந்தது. அதுவரை எத்தனை கோடி மேசைகளில் அந்த வளையம் காய்ந்திருக்கும்!

உப்புத் தண்ணீர்த் துளியை விட்டுப் பாருங்கள், வெள்ளை வளையம் கிடைக்கும். இந்த வளையத்தை மனதில் வைத்திருங்கள், திரும்பி வருவேன்.

இனி மின்புலம். வகுப்பில் இதைக் கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "சேர், தண்ணி மூலக்கூறுக்கு ஒரு பக்கம் நேர், ஒரு பக்கம் மறை. புலம் வைச்சா அது இழுபட்டு வெளிய வரும். அதால கெதியாக் காயும்." கேட்க அழகாக இருக்கிறது. நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டால் நிற்காது.

காற்று தாங்கக்கூடிய மிகப் பெரிய புலம் ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோவோல்ட். அதற்கு மேல் போனால் காற்றே உடைந்து பொறி பறக்கும். அந்த உச்சத்திலேயே புலத்தை வைத்துக்கொள்வோம். ஒரு தண்ணீர் மூலக்கூறை அது திருப்பிப் பிடிக்கிற சக்தியையும், அறை வெப்பத்தில் அதே மூலக்கூறு துள்ளிக்கொண்டிருக்கிற சக்தியையும் ஒப்பிட்டால், துள்ளல் 200 மடங்கு பெரிது. புயலுக்குள் நிற்கிற பனைமரத்தைச் சின்ன விரலால் திருப்பப் பார்ப்பது போன்றது இது. அதுவும் துளிக்கு வெளியே. உள்ளே நிலைமை இன்னும் மோசம், உப்புத் தண்ணீர் மின்னைக் கடத்துவதால் துளிக்குள் புலம் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. ஆக, நாம் வாழ்கிற உலகத்துப் புலங்கள் மூலக்கூறைப் பிடித்து வெளியே இழுப்பதில்லை.

ஆனால் துளியை முழு ஆளாகப் பிடித்து இழுக்கும். அதே 30 கிலோவோல்ட் புலம் துளியின் தோலை வெளிப்பக்கம் இழுக்கிற அழுத்தம் ஏறத்தாழ 40 பாஸ்கல். சிலிக்கோனில் நின்ற என் துளியின் ஆரம் இரண்டரை மில்லிமீற்றர். அந்த அளவு துளியைப் பரப்பிழுவிசை உருண்டையாகக் கட்டி வைத்திருக்கிற அழுத்தம் ஏறத்தாழ 58 பாஸ்கல். 40க்கும் 58க்கும் இடையில் நடப்பது சரிக்குச் சரியான மல்லுக்கட்டு. மூலக்கூறிடம் 200க்கு ஒன்று என்று தோற்ற அதே புலம், துளியின் வடிவத்திடம் வந்ததும் சமபலசாலி ஆகிவிடுகிறது. எனக்கு இந்தக் கணக்கு வந்த இரவு தூக்கம் வரவில்லை.

இதைப் பார்க்க லைன் வேண்டாம். லைனுக்குக் கிட்டப் போகவும் வேண்டாம், தயவுசெய்து. ஒரு பிளாஸ்ரிக் தண்ணீர்க் குழாய்த் துண்டைத் துணியால் நன்றாகத் தேய்த்து, சேம்பு இலையில் இருக்கிற துளிக்குக் கிட்டக் கொண்டு போங்கள். மாரி காலத்தில் செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஈரக் காற்று மின்னேற்றத்தை உடனே கொண்டுபோய்விடும். கச்சானில் செய்ய வேண்டும். குழாய் நாலு விரல் தூரத்துக்கு வந்ததும் துளி முதலில் சிலிர்க்கும். பிறகு தலையைக் குழாயின் பக்கம் நீட்டும், ஆட்டுக்குட்டி பாலுக்கு நீட்டுவது போல. இன்னும் கிட்டப் போனால் அப்படியே உருண்டு வரும். என் வகுப்பில் இதைப் பார்த்துக் கத்தாத பிள்ளை இல்லை. இப்போது அதே குழாயைப் பீங்கானில் படுத்திருக்கிற துளிக்குக் காட்டுங்கள். மேற்பரப்பு ஒருதரம் நெளியும், அவ்வளவுதான். அது ஏற்கெனவே பரப்போடு ஒட்டிப் படுத்துவிட்டது. பிடித்து இழுக்க அதனிடம் நிமிர்ந்த உடம்பு இல்லை.

புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் முக்கியம். மேலிருந்து காற்று வழியாக வந்தால் துளி நிமிர்ந்து நீளும். புலம் போதிய பலமாக இருந்தால் உச்சி கூம்பாகி, நுனியிலிருந்து நுண்துளிகள் சீறிப் பாயும். 1964இல் ஜெஃப்ரி டெய்லர் கணக்கிட்டுக் காட்டிய கூம்பு இது, அதன் அரைக்கோணம் 49.3 பாகை. துளிக்குக் கீழே மின்னைக் கடத்தாத மெல்லிய காவற்படலமும் அதன் அடியில் உலோகமும் இருந்து, துளிக்கும் உலோகத்துக்கும் இடையில் வோல்ட் கொடுத்தால் நடப்பது நேர் எதிர். துளி படுக்கும். தண்ணீரை வெறுக்கிற பரப்பு வெறுப்பைக் குறைத்துக்கொள்கிறது. இதற்கு வேர் காப்ரியேல் லிப்மன் பாதரசத்தை வைத்துச் செய்து 1875இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. காவற்படலத்தை இடையில் வைக்கிற யுக்தி 1993இல் புரூனோ பெர்ஜ் கொண்டுவந்தது. வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தே துளி படுக்கிறது, அதனால் நேரா மறையா என்பது அதற்குப் பொருட்டில்லை. ஓரளவுக்கு மேல் வோல்ட்டைக் கூட்டினாலும் கோணம் குறைய மறுத்து நின்றுவிடும்.

படுத்த துளி கெதியாகக் காயும் என்று விறாந்தையில் பார்த்தோம் அல்லவா? ஆகவே வெறுக்கும் பரப்பில் இருக்கிற துளியைப் புலம் படுக்கவைத்தால் ஓரம் நீளும், ஆவியாதல் கூடும். நிமிர்த்தி நீட்டினால் உடம்பின் பரப்பு கூடும், அதிலும் கொஞ்சம் கூடும். விரும்பும் பரப்பில் இந்த இரண்டு கதவும் ஏறத்தாழ மூடியே இருக்கின்றன.

மில்லிகன் எண்ணெய்த் துளிப் பரிசோதனையை உயர்தரத்தில் எல்லோரும் படிக்கிறோம். அது முதலில் தண்ணீர்த் துளியில்தான் தொடங்கியது. இரண்டு தட்டுக்கு நடுவே மின்புலத்தில் துளியை மிதக்கவிட்டால், அளந்து முடிப்பதற்குள் துளி ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் எண்ணெய்க்கு மாறினார்கள். பாடப் புத்தகத்தில் 'எண்ணெய்' என்ற சொல்லைக் கடந்து போகும்போதெல்லாம், அதற்குப் பின்னால் காய்ந்துபோன தண்ணீர்த் துளிகள் இருக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவதில்லை.

இன்னொரு வழி காற்று. கூரான நுனியில் புலம் குவிந்தால் அங்கே காற்று மின்னேற்றம் பெற்று நுனியை விட்டு ஓடத் தொடங்கும். ஓடும்போது பக்கத்துக் காற்றையும் தள்ளிக்கொண்டு போகும். வினாடிக்கு ஒரு மீற்றர் அளவில் ஒரு சின்ன ஊதல். துளியைப் போர்த்தியிருக்கிற ஈரக் காற்றை அது விலக்கிவிடும். சூடில்லாமல் பழம், காய்கறி உலர்த்த இந்த ஊதலைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். இதற்குப் பரப்பு விருப்பா வெறுப்பா என்பது பெரிய பொருட்டில்லை, எல்லாத் துளிக்கும் விசிறிதான்.

கம்பத்தின் மேலே நடப்பதில் மேலே சொன்னவை எல்லாம் உண்டு. ஆனால் கதையை நடத்துவது நான்காவது ஆள், துளிக்குள்ளேயே ஓடுகிற மின்னோட்டம்.

எங்கள் பக்கத்து உயர் அழுத்த லைன் 33 கிலோவோல்ட். ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில் என்று பார்த்தால் 19 கிலோவோல்ட். இந்த 19ஐயும் தனியாகத் தாங்கி நிற்பது இன்சுலேட்டர். கடற்காற்று அதன்மேல் நாளாந்தம் உப்பைப் பூசுகிறது. காய்ந்த உப்பால் ஆபத்தில்லை, அது மின்னைக் கடத்தாது. பனி இறங்குகிறது. தண்ணீரை விரும்பும் பீங்கானில் பனித்துளிகள் தனித்தனியாக நிற்பதில்லை, ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகின்றன. உப்பு அதில் கரைகிறது. இப்போது கம்பியிலிருந்து நிலம்வரை உப்புத் தண்ணீரால் ஒரு பாதை.

அந்தப் பாதையில் 10 மில்லிஅம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 19 கிலோவோல்ட்டால் பெருக்கினால் 190 வாற்று. ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2400 யூல் வேண்டும். என் மருந்துப் போத்தல் துளியின் எடை கிராமில் இருபதில் ஒரு பங்கு. அந்த 190 வாற்றும் அந்த ஒரு துளியிலேயே இறங்கினால், கச்சானில் ஒரு மணி நேரம் எடுத்த துளி முக்கால் நொடி தாங்காது. உண்மையில் சூடு படலம் முழுக்கப் பரவும், எல்லா இடத்திலும் சமமாகப் பரவாது என்பதுதான் வினை. இன்சுலேட்டர் ஒடுங்குகிற இடத்தில், நடுத்தண்டுக்குக் கிட்ட, அதே மின்னோட்டம் நெருக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே சூடு அதிகம். அங்கேதான் முதலில் காயும். படலத்தின் நடுவே ஒரு காய்ந்த வளையம் விழும்.

வளையம் விழுந்ததும் மின்னோட்டம் தடைப்படுகிறது. ஈரமாக இருக்கிற மற்ற இடமெல்லாம் கம்பி மாதிரி. அதனால் 19 கிலோவோல்ட்டும் அந்த ஒரு விரல் அகலத்துக்குள் வந்து குவிகிறது. காற்று எவ்வளவு தாங்கும் என்று முன்பு சொன்னேன். விளிம்பில் துளிகள் நீட்டிக்கொண்டிருக்கிற, உப்புப் படிந்த பரப்பில் அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். பொறி தாவுகிறது. பொறியின் சூட்டில் விளிம்பு இன்னும் காய்ந்து வளையம் அகலமாகிறது, பொறி எட்டாமல் சாகிறது. பனி மறுபடி இறங்கி நனைக்கிறது, மறுபடி பொறி. நான் அன்று பார்த்த ஓடி ஓடி அணைகிற நீல நூல் இதுதான். பொரிகிற சத்தமும் இதுதான். ஒரு பொறி சாகாமல் நீண்டு நீண்டு மற்ற முனையைத் தொட்டுவிட்டால் லைன் போய்விடும். போகிற அந்தக் கணத்துச் சூட்டில் இன்சுலேட்டர் காய்ந்துவிடுவதால், சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் நடக்காதது போல லைன் பிடித்துக்கொள்ளும். எங்களுக்குப் பழுது கண்ணில் படாததற்குக் காரணம், பழுது தன்னைத் தானே காயவைத்துக்கொண்டு போய்விட்டதுதான்.

மழைக்கு இது நடக்காததன் காரணமும் இங்கேயே இருக்கிறது. பெருமழை உப்பைக் கழுவிக்கொண்டு போகும். மழைத் தண்ணீரில் உப்பும் மிகக் குறைவு. அது மேலிருந்து விழுவதால் மடிப்புகளின் அடிப்பக்கம் பெரும்பாலும் நனையாமல் தப்பிக்கும். பனி அப்படியில்லை. அது எதையும் கழுவாது, நனைக்க மட்டும் செய்யும், அடிமடிப்பையும் விடாமல் நனைக்கும்.

சிலிக்கோனுக்கு வருவோம். அதே பனி, அதே உப்பு. ஆனால் துளிகள் சேராமல் தனித்தனி முத்தாக நிற்கின்றன. முத்துக்கு முத்து இடைவெளி. பாதை இல்லை, அதனால் மின்னோட்டச் சூடு இல்லை, காய்ந்த வளையம் இல்லை. ஆகவே அங்கே துளி பெரும்பாலும் காற்றிலும் வெயிலிலும்தான், என் விறாந்தைத் துளி போலப் பொறுமையாகக் காய்கிறது. வேகமாகக் காய்கிற பீங்கானைவிட மெதுவாகக் காய்கிற சிலிக்கோன்தான் லைனுக்கு நல்லது என்பதை நான் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் எடுத்தது. காய்வது நல்லது என்றுதானே வளர்ந்திருக்கிறோம். கருவாடு, நெல், உடுப்பு, எல்லாம் காய வேண்டும்!

சிலிக்கோனுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. நிமிர்ந்த துளியைப் புலம் பிடித்து இழுக்கும் என்று பார்த்தோம். இன்சுலேட்டரில் புலம் பரப்பை ஒட்டியே ஓடுகிறது, துளி அந்தத் திசையில் நீள்கிறது. எங்கள் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை திசை மாறுகிறது. இழுப்புக்கு நேர் மறை பொருட்டில்லை என்பதால் துளி வினாடிக்கு 100 தடவை நீண்டு சுருங்கும். ஒவ்வொரு பனித்துளியும் அந்தக் கம்பத்தின் மேல் நடுங்கிக்கொண்டு நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நடுங்குகிற இரண்டு துளி ஒன்றையொன்று தொட்டுச் சேரும். சேராமல் கிட்ட நின்றால் இடையில் புலம் குவிந்து குட்டிப் பொறிகள் வரும். அந்தப் பொறிகள் சிலிக்கோனின் தோலைச் சுட்டு, தண்ணீர் மேலுள்ள வெறுப்பைக் கொஞ்ச நேரத்துக்கு அழித்துவிடும். அந்த இடத்தில் துளி படுக்கும்.

ஆனால் சிலிக்கோனிடம் ஒரு குணம் இருக்கிறது. அதன் உடம்புக்குள் எண்ணெய் போன்ற சின்ன மூலக்கூறுகள் உண்டு. விட்டுவைத்தால் அவை மெல்ல மெல்ல வெளியே கசிந்து வந்து தோலை மறுபடி மூடும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ துளி மறுபடி முத்தாக நிற்கும். மேலே படிந்த உப்புக்கும் தூசுக்கும்கூட அந்த எண்ணெய் ஏறிப் போர்த்திவிடும். காயம் ஆறுகிற தோல் அது. வெயிலும் பொறியும் ஓயாமல் அடித்தால் வருடக் கணக்கில் அதுவும் முதுமையடையும். என்றாலும் கடலுக்கு முகம் கொடுத்து நிற்கிற கம்பங்களில் இதைத்தான் போட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பீங்கான் இருக்கிற இடங்களில், மாரி ஓய்ந்த கையோடு, மாசிப் பனி தொடங்குவதற்கு முன், லைனை நிறுத்தி எர்த் போட்டுத் துடைத்தே ஆக வேண்டும். பங்குனி என்பது பனி பிடித்து முடிந்த பிறகு குடை வாங்குவது.

இப்போது அந்த வெள்ளை வளையம். உப்புத் துளி காய்ந்தால் உப்பு மிஞ்சும் என்று சொன்னேன். மிஞ்சிய உப்பு சும்மா இருக்காது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். பனி விழும்வரைகூடக் காத்திருக்காது. மாரி காலத்தில் குசினி உப்புப் போத்தல் கசிவது இதனால்தான். கடலோரத்து விடியலில் 75 என்பது சர்வசாதாரணம். அதாவது மின்னோட்டம் சுட்டுக் காயவைத்த அதே இடத்தில், உப்பு மறுபடி ஈரத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

போன தை மாதம் இரண்டு இன்சுலேட்டரையும் எடுத்துக்கொண்டு பெரியண்ணன் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுவிட்டார், வீடு கடலுக்கு மிகக் கிட்ட. மதிலின் மேல் ஒரு மாதம் இருக்கட்டும் அண்ணன் என்று வைத்துவிட்டு வந்தேன். மாசியில் ஒரு நாள் ஐந்து மணிக்கே போய்க் கதவைத் தட்டினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். டோர்ச் அடித்தோம். சிலிக்கோனில் மணி மணியாக நின்றது. பீங்கான் முழுக்க ஒரே மினுமினுப்பு, துளி என்று ஒன்றைப் பிரித்துக் காட்ட முடியவில்லை.

நான் 75 சதவீதத்தையும், காய்ந்த வளையத்தையும், 190 வாற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பீங்கானைக் கையில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி, டோர்ச்சை என் கையில் தந்தார்.

"அடி மடிப்புக்கு அடி தம்பி."

அடித்தேன். உள் மடிப்பு வரைக்கும் நனைந்திருந்தது. அவர் விரலை மடிப்புக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு சாரத்து நுனியால், கம்பத்தில் துடைப்பது போலவே, உள்ளிருந்து வெளியே என்று ஒவ்வொரு மடிப்பாகத் துடைக்கத் தொடங்கினார்.